எந்தக் கூலர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

நான் ஓய்வு பெற்றுவிட்ட செய்தியை யாரும் என் கைபேசிக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. காலை ஜெபம் முடித்துக் காப்பியை ஆற்றி வாயில் வைப்பதற்குள், நான் வேலை பார்த்த சர்வீஸ் சென்டரிலிருந்து யாராவது ஒருவர் படம் அனுப்பியிருப்பார். படத்தில் ஒரு மதர்போர்டு மல்லாந்து கிடக்கும். கீழே கேள்வி: "மேடம், கஸ்டமர் பெரிய கூலர் போடணும்னு ஒத்தக் கால்ல நிக்காரு. டப்பாவுல வந்ததே போதும்னு சொல்லவா, வாங்கச் சொல்லவா?"

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் வேலை செய்யச் செய்யச் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ள, அதன் தலையில் தகடு தகடாக ஓர் உலோகக் கட்டியும் ஒரு விசிறியும் வைத்திருப்பார்கள். அதுதான் கூலர். பிராசசர் வாங்கும்போது டப்பாவிலேயே கூட வருவது ஒன்று. எங்கள் கடையில் அதற்குப் பெயர் டப்பா கூலர். தனியாகக் காசு கொடுத்து வாங்குவது இன்னொன்று, அது வெளிக் கூலர். இப்போது வரும் பெரிய பிராசசர்களில் பல, கூலரே இல்லாமல் மொட்டையாக வருகின்றன. கேபினெட் என்கிற வெளிப்பெட்டிக்கோ கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே கோயில் கொடை மாதிரி கலர் லைட் போட்டு விற்கிறார்கள். அதனால் வாங்குகிறவருக்கும் குழப்பம், மாட்டுகிறவருக்கும் குழப்பம்.

இவர்களுக்கு ஒரே வரியில் பதில் வேண்டும். ஒரே வரியில் பேசுவது என் பிறவியிலேயே கிடையாது, வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆகவே மொத்தமாக எழுதிவைத்துவிடுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படிக்கட்டும்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அக்காமார் இரண்டு பேரும் டீச்சர்கள். நானும் கரும்பலகை முன்னால் நிற்பேன் என்று வீடே நினைத்திருந்தது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரில் போய்ச் சேர்ந்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்குரூ டிரைவர் எதுக்கு?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். பின்னாளில் அவர் பேரனின் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போனபோது அந்தக் கேள்வியை அவருக்கு நினைவுபடுத்தினேன். அப்படிச் சொல்லாமல் விடுகிற நல்ல குணம் எனக்கு இல்லை. நான் சேர்ந்த காலத்தில் பிராசசருக்கு விசிறியே கிடையாது. அப்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டி வந்தது, அதன்மேல் குட்டி விசிறி வந்தது, அது வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. எனக்கும் தலை நரைத்தது.

வேலை கற்றுக்கொடுத்தவர் எங்கள் சர்வீஸ் மேனேஜர் மச்சாது சார். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து கரையிறங்கியவர். சலவைச் சட்டையின் முழுக்கையை முழங்கைவரை நான்கு மடிப்பாக மடித்துவிட்டுத்தான் எதையும் தொடுவார். அவரிடம் ஒரு விசேஷம், கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். சாதாரண நாளில், "எஸ்தர், இங்கன வாம்மா" என்பார். "எஸ்தர் மேடம் தயவு செஞ்சி கொஞ்சம் எழுந்து வர முடியுமா?" என்று வந்துவிட்டால், கூட இருப்பவர்கள் எல்லாரும் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொள்வார்கள். ஒரு முறை ஒருவர் ஸ்குரூவை போர்டின் மேலேயே போட்டுவிட்டு மின்சாரம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு சார் அவரை "ஐயா அவர்களே" என்றார். அந்த மனிதர் மறுநாள் லீவு.

மெஷின் வந்தவுடன் திறக்க விடமாட்டார் சார். முதலில் ஓடவிட்டு, பின்பக்கம் காற்று வெளியே வருகிற இடத்தில் புறங்கையை வைப்பார். ஏன் உள்ளங்கையை வைப்பதில்லை என்று கேட்டேன்.

"உள்ளங்கை வேல செஞ்சி வேல செஞ்சி மரத்துப் போயிருக்கும்மா. புறங்கைக்குத்தான் சூடு தெரியும். உங்க அம்மா காய்ச்சல் பாத்தா எதை வச்சிப் பாப்பாங்க?"

அடுத்தது, மெஷின் எங்கே இருந்தது என்று கேட்பார். திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்த வீட்டு மெஷினும், உப்பளத்து ஆபீஸ் மெஷினும், நிலக்கரி லாரி போகிற துறைமுகச் சாலை மெஷினும் ஒரே மாதிரி அழுக்குப் பிடிப்பதில்லை. கடற்கரை வீட்டில் அலுமினியத் தகடு வெள்ளை பூத்து, தொட்டால் மாவாக உதிரும். துறைமுகச் சாலையில் கறுப்பாக, பிசுபிசுவென்று அப்பியிருக்கும். சார் தகட்டில் பெயிண்ட் பிரஷ்ஷை ஒரு இழுப்பு இழுத்து, அதன் நுனியைப் பார்த்தே தெருவைச் சொல்லிவிடுவார். நெருக்கமான தகடுகள் உள்ள பெரிய கூலரை அவர் சந்தேகத்தோடு பார்த்ததற்கு இதுதான் காரணம். சென்னையில் அது நன்றாக ஓடும். இங்கே ஒரு ஆடிக்காற்று முடிந்தால் தகட்டுக்கு நடுவில் ஊசி நுழையாது.

டப்பா கூலரை மாட்டுவது பார்ப்பதற்கு எளிதாகத் தெரியும். நான்கு பிளாஸ்டிக் கால், நான்கு ஓட்டை, அமுக்கினால் முடிந்தது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சார் உயிர் போன பழைய போர்டு ஒன்றைக் கொடுத்து, "மாட்டு, கழட்டு, திரும்ப மாட்டு" என்று உட்கார வைத்துவிட்டார். முதலில், சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசசரின்மேல் தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் கண்ணாடி மாதிரித் துடைக்க வேண்டும். புதுப் பேஸ்ட்டை நடுவில் ஒரு பச்சைப்பயறு அளவுக்கு வைத்தால் போதும், கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். சிலர் இட்லிக்குச் சட்னி ஊற்றுவதுபோல ஊற்றுவார்கள். கால்களை வரிசையாக அமுக்கக் கூடாது. ஒரு மூலையை அமுக்கினால் அடுத்தது எதிர் மூலை. ஒவ்வொரு காலும் 'டக்' என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் நம்பாமல் போர்டைத் திருப்பி, நான்கு கறுப்பு நுனியும் முழுதாக வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் அரைகுறையாக நின்றாலும் கூலர் ஒரு பக்கம் மயிரிழை தூக்கிக்கொள்ளும். அந்த மயிரிழை போதும் மெஷினைப் படுக்கவைக்க. இன்றைக்கும் வெளிக் கூலர் வேண்டும் என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது, இருக்கிற டப்பா கூலரைக் கழற்றித் துடைத்து ஒழுங்காக மாட்டிக்கொடுப்பதுதான்.

காயல்பட்டினத்தில் ஒரு காக்கா வீட்டுக்கு சாரும் நானும் போனது இப்போது நினைத்தாலும் சிரிப்பு. அந்த ஊரில் அண்ணனுக்குக் காக்கா, அம்மாவுக்கு உம்மா. இவர் துபாயில் வேலை பார்க்கிறவர். விடுமுறையில் வந்தபோது சென்ட் பாட்டிலுக்கும் போர்வைக்கும் நடுவில் வைத்து, முழுக்கச் செம்பில் செய்த ஒரு ராட்சசக் கூலரைக் கொண்டுவந்திருந்தார். அவரே அதை மாட்டியும் விட்டார். மாட்டிய பிறகு கேபினெட்டின் கதவு மூடவில்லை. அதனால் கதவைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். திறந்து கிடப்பது பார்க்க நன்றாக இல்லை என்று அவருடைய உம்மா, பூ வேலை செய்த வெள்ளைத் துணியை மெஷின்மேல் போர்த்திவிட்டார். செம்பு பச்சை பிடித்து, துணி விசிறிக்குள் மாட்டி, மெஷின் மூச்சை நிறுத்தியிருந்தது.

"காக்கா, இதுல பிள்ளைங்க என்ன செய்யுதாங்க?" என்று சார் கேட்டார்.

"பள்ளிக்கூடப் பாடம் எழுதும், படம் வரையும். ராத்திரி நான் அங்கிருந்து பேசுவேன், என் மொகத்தப் பாக்கும்."

"அதுக்கு டப்பாவுல வந்த கூலர் தூங்கிக்கிட்டே வேல பாக்குமே."

அந்த மனிதரின் முகம் சுண்டிப்போய்விட்டது. பிள்ளைகளுக்கென்று கடல் தாண்டிக் கையில் தூக்கி வந்த சாமான் அது. சார் அதைக் கவனித்துவிட்டார். கூலரைக் கழற்றி எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்து, "அருமையான சாமான் காக்கா. நாளைக்குப் பெரிய மெஷினா வாங்குவிய, அப்ப நானே வந்து மாட்டித் தாரேன்" என்று அவர் கையிலேயே கொடுத்தார். உம்மா எங்களுக்கு இஞ்சி டீ கொடுத்தார். சந்து வழியாகத் திரும்பி வரும்போது, "ஆசையா வாங்கினத யாரும் மட்டமாப் பேசக்கூடாது எஸ்தர்" என்றார் சார். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடிய நாட்களில் அதுவும் ஒன்று.

இதைப் படித்துவிட்டு மச்சாது சாரும் அவர் சிஷ்யையும் வெளிக் கூலருக்கு எதிரி என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கட்டட இன்ஜினியர் ஆபீசில், பகல் முழுக்க ஓயாமல் கணக்குப் போடுகிற மெஷின் ஒன்று இருந்தது. டப்பா கூலரின் சத்தம் மிக்சி ஓடுகிற மாதிரி. போனில் பேச வேண்டுமென்றால் அவர்கள் வாசலுக்குப் போவார்கள். சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றினால் போதும் என்று நான் வாதாடினேன். சார் கேட்கவில்லை. பெரிய கேபினெட், நல்ல போர்டு, கோபுரம் மாதிரி உயர்ந்த வெளிக் கூலர் என்று மூன்றையும் சேர்த்து மாற்றினார். அறை அமைதியாகிவிட்டது. என்ன வேலை, எந்த போர்டு, எந்த அறை, யார் துடைப்பார்கள் என்பதையெல்லாம் கேட்காமல் கூலரைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். மறக்க முடியாதபடி அது புரிந்தது, குலசை என்று நாங்கள் சொல்லும் குலசேகரன்பட்டினத்தில்.

அப்போது சார் ஓய்வு பெற்றுவிட்டார். சர்வீஸ் பொறுப்பு என்னிடம் இருந்தது. குலசையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் முத்துராஜ் அண்ணாச்சி போன் செய்தார். கல்யாண வீடியோ, தசரா வேஷக்காரர்கள் வீடியோ எல்லாம் எடுத்து எடிட் செய்து கொடுப்பவர். அந்த மெஷினை நாங்கள் விற்கவில்லை. பெங்களூரில் இருக்கும் அவருடைய அக்கா மகன் சொல்லி வாங்கியது.

"மேடம், மெஷின் வேல செய்யும்போதே பொசுக்குன்னு அணஞ்சி போவுது. ஆனா மெஷின்ல ஒரு கோளாறும் கெடையாது. நீங்க ஒரு தடவ வந்து பாத்து, கோளாறு இல்லன்னு உங்க வாயால சொல்லிட்டாப் போதும்."

கோளாறு இல்லை என்று சொல்வதற்கு ஓர் ஆளைக் கூப்பிடுகிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். காற்றடிக்கும் மாதம். தேரிக்காட்டுச் செம்மண் சாலைக்குக் குறுக்கே பறந்துகொண்டிருந்தது. கடையில் போய் இறங்கும்போது என் வெள்ளைத் துப்பட்டா காவி கட்டியிருந்தது.

முன்னால் கவுண்டர், பின்னால் ஜன்னலை அடைத்த ஒரு சின்ன எடிட்டிங் அறை. கம்ப்யூட்டருக்குச் சட்டை போட்டிருந்தார்கள். உண்மையாகவே சட்டைதான். தேரி மண் உள்ளே போகாமல் இருக்க அண்ணாச்சியின் சம்சாரம் கொசுவலைத் துணியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த உறை, முன்னும் பின்னும் மூடியிருந்தது. வாரா வாரம் துவைத்துப் போடுவார்களாம். அந்தக் கரையில் பல கடைகளில் இந்தச் சட்டையைப் பார்த்திருக்கிறேன். மண்ணுக்குப் பயந்து காற்றையும் நிறுத்திவிடுவார்கள்.

நாற்காலியில் மெர்சி உட்கார்ந்திருந்தாள். பெரியதாழை என்ற கடற்கரை ஊர்க்காரி, இருபது வயதை ஒட்டிய பெண். எடிட்டிங் வேலை எல்லாம் அவள்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவளை வைத்துக்கொண்டே அண்ணாச்சி சொல்ல ஆரம்பித்தார்.

"யூபிஎஸ் மாத்தியாச்சு. பவர் சப்ளை மாத்தியாச்சு. மருமகன் பெங்களூர்ல இருந்தே இன்டர்நெட் வழியாப் பாத்துட்டான். சூடு கொஞ்சம்கூட இல்ல, நம்பர் தெளிவாக் காட்டுது. சத்தமா இருக்குன்னு பழைய கூலர எடுத்துட்டு நல்ல வெலைல பெருசு வாங்கிப் போட்டதே அவன்தான். நானே உக்காந்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பாத்தேன், அணையல. இவ உக்காந்தா அணையுது. நான் உக்காந்தா அணைய மாட்டுக்கு. இதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

திருச்செந்தூரில் இன்னொரு ஸ்டுடியோக்காரர் அவளைக் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். வரமாட்டேன் என்று மறுத்துவிட்டதாக அவளே வந்து அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். அதையே அவர் எதிராகத் திருப்பிக்கொண்டார். வேலையைக் கெடுத்துவிட்டு அங்கே ஓடப் பார்க்கிறாள் என்பது அவருடைய கணக்கு. இதற்கு நடுவில் ஒரு கல்யாண வீடியோ பாதியில் நின்றது. மாப்பிள்ளை அந்த வாரம் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறார், அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

கவுண்டரில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வந்ததால் அண்ணாச்சி முன்னால் போனார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அக்கா, இவுக எங்க அப்பாவுக்குப் போன் பண்ணி, 'உம் மக வேணும்னே மெஷினக் கெடுக்கா, வந்து கூட்டிட்டுப் போறியா'ன்னு கேட்டுட்டாக."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'சரி அண்ணாச்சி'ன்னு வச்சிட்டாரு. எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. கடலுக்குப் போறாரு, வாராரு, சாப்பிடுதாரு, படுக்காரு. ரெண்டு அடி அடிச்சாக்கூடத் தேவலக்கா. சித்தப்பாமாரு அப்பவே சொன்னாங்க, பொட்டப்பிள்ளைய பஸ் ஏத்தி வேலைக்கு அனுப்பாதன்னு. அப்பாதான் கேக்காம அனுப்புனாரு. இந்தப் பேரோட வீட்டுக்குப் போனேன்னா அவ்வளவுதான். பொறவு யாரு என்னைய வெளிய விடுவா?"

எனக்குக் கோபம் வந்தது. மச்சாது சார் மாதிரி மரியாதை ஏறுகிற கோபம் எனக்கு வராது, என்னுடையது முகத்தில் தெரிகிற ரகம். அதனால் மெஷினின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏளா, அழாம ஒண்ணு சொல்லு. என்ன செய்யும்போது அணையுது?"

"எக்ஸ்போர்ட் போட்டா அணையுதுக்கா. வெட்டி ஒட்டுற வரைக்கும் ஒண்ணும் ஆவாது."

எக்ஸ்போர்ட் என்றால், வெட்டி ஒட்டிய துண்டுகளை எல்லாம் சேர்த்து முழு வீடியோவாக மெஷின் சமைத்து இறக்குவது. மெஷினுக்கு அதைவிடக் கனமான வேலை கிடையாது. அண்ணாச்சி ஓட்டிப் பார்த்தது சினிமாப் படம். படம் ஓட்டுவது மெஷினுக்கு ஈசிச் சேரில் சாய்ந்திருப்பது மாதிரி. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி. மெர்சி, நீ வாசல்ல போயி நில்லு. மெஷின் பக்கம் வராத."

எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு நானும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. மூலையில் மருமகன் வைத்த எண் சூடு இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி முதலில் கால்மேல் கால் போட்டிருந்தார். பிறகு காலை இறக்கினார். கோடு பாதியைத் தாண்டியதும் திரை கறுத்துவிட்டது.

"ஐயையோ, நான் ஒண்ணையும் தொடல!" என்று இரண்டு கையையும் தூக்கினார்.

"அதத்தான் அண்ணாச்சி அந்தப் பிள்ளையும் சொல்லிக்கிட்டு இருக்கு" என்றேன்.

மெஷினின் சட்டையைக் கழற்றிக் கதவைத் திறந்தேன். உள்ளே கோபுரக் கூலர் ஜம்மென்று நின்றது, நல்ல சாமான்தான். மறுபடி ஓடவிட்டுப் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். காற்று ஒரு பக்கமாக, பின்சுவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பிராசசருக்கு அருகில், போர்டின்மேல், பிராசசருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருக்கும். விலை குறைந்த போர்டு என்பதால் அவற்றின்மேல் ஒரு தகடுகூட இல்லை. சுற்றிலும் காற்று அசையவே இல்லை. நுனிவிரலை அருகே வைத்துச் சட்டென்று எடுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, விரல இங்கன கொண்டாங்க. தொட வேண்டாம், பக்கத்துல வைங்க."

"ஆத்தீ!"

"டப்பாவுல வந்த கூலர் மேல இருந்து கீழ பாத்துக் காத்தடிக்கும். பிராசசர்ல பட்ட காத்து நாலு பக்கமும் செதறி இந்தச் சில்லுங்க மேலயும் படும். இது பக்கவாட்டுல அடிக்குது. பிராசசர் மட்டும் குளுகுளுன்னு இருக்கு, பக்கத்துல இருக்குறது வெந்து போவுது. வெந்து போறதுக்கு முன்னால அதுவா அணச்சிக்கிடுது. போதாததுக்கு மேல சட்டை வேற."

"அப்ப அந்த நம்பரு?"

"அது பிராசசர் சூட்ட மட்டுந்தான் காட்டும். மத்தத உங்க மருமகன் பெங்களூர்ல இருந்து எப்படித் தொட்டுப் பாப்பாரு?"

நம்பிக்கை வராதவர்களுக்குச் செய்து காட்டிவிடுவது என் வழக்கம். கவுண்டரில் இருந்த மேஜை விசிறியைக் கொண்டுவந்து போர்டைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். மெஷின் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி ஓடியது. விசிறியை நிறுத்தினேன். சற்று நேரத்தில் திரை கறுத்தது. அண்ணாச்சி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பழைய கூலர் எங்க?"

அவர் சங்கடத்தோடு கவுண்டரைக் காட்டினார். ஆர்டர் சீட்டுகள் காற்றில் பறக்காமல் இருக்க, அவற்றின்மேல் டப்பா கூலர் உட்கார்ந்திருந்தது. எடுத்து ஊதித் துடைத்துப் பார்த்தேன், விசிறி நன்றாகச் சுற்றியது. ஒரு கால் மட்டும் உடைந்திருந்தது, என் பையில் மாற்றுக் கால் இருந்தது. கோபுரத்தை இறக்கி, பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, டப்பா கூலரை மூலைக்கு மூலை அமுக்கி மாட்டினேன். நான்கு 'டக்'கும் கேட்டது. திருப்பிப் பார்த்து நான்கு நுனியையும் எண்ணினேன். சட்டையை முன்பக்கம் மட்டும் மூடுவதாக வெட்டித் தைக்கச் சொன்னேன். பெரிய கூலரைத் தூக்கிப்போட வேண்டாம், நல்ல போர்டும் பெரிய கேபினெட்டும் வாங்கும்போது கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன்.

மெர்சி வந்து உட்கார்ந்து எக்ஸ்போர்ட் போட்டாள். விசிறி இரைந்தது. நாங்கள் மூன்று பேரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி. கோடு பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. முடிந்தது. திரையில் மணப்பெண் தலையைக் குனிந்து சிரித்தாள்.

"அப்பாடா" என்றார் அண்ணாச்சி. "விடு மெர்சி. நடந்தது நடந்துபோச்சு. எல்லாருக்கும் டீ சொல்லுதேன்."

அவர் கெட்டவர் இல்லை. டீயோடு விஷயத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிற, நாம் தினமும் பார்க்கிற ஆள்தான். மெர்சி எழுந்து நின்றாள்.

"டீ வேண்டாம் அண்ணாச்சி. எங்க அப்பாவுக்குப் போன் போடுங்க."

"இப்ப எதுக்கு? நாளைக்கு நானே..."

"கெடுக்கான்னு சொன்னது இந்தப் போன்லதான? கெடுக்கலன்னும் இதுலயே சொல்லுங்க. நான் கேக்கணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன், இந்த விஷயத்தில் அவருக்குக் கைகொடுக்க எனக்கு மனமில்லை. வேறு வழியில்லாமல் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கினார். மறுமுனையில் கடற்காற்று இரைந்தது. வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ, யாரையோ "பிடிலே" என்று சொல்லிவிட்டுத்தான், "சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

"சூசை, நான் முத்துராஜ். அந்த மெஷின் விஷயம்... மெஷின்லதான் கோளாறாம். தூத்துக்குடில இருந்து மேடம் வந்து சரி பண்ணிட்டாக."

மெர்சி அசையாமல் நின்றாள். அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உம் மக மேல தப்பு இல்லப்பா. நான்தான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். மனசுல வச்சிக்கிடாத."

"எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றது அந்தக் குரல். "எம் மவ அப்பிடிச் செய்யுற பிள்ளை இல்ல. சொன்ன வாயே ஒரு நா மாத்திச் சொல்லும்னுதான் நான் ஒண்ணும் பேசாம இருந்தேன். அவ சாப்பிட்டாளா?"

மெர்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போய் முதுகைத் தடவிக்கொடுத்தேன். போன் இன்னும் அணைக்கப்படாமல் அண்ணாச்சியின் கையிலேயே இருந்தது, மறுமுனையில் காற்று இரைந்துகொண்டே இருந்தது.

"இவுக சொன்னத அப்பா நம்பிட்டாருன்னு நெனச்சேன்க்கா" என்றாள்.